எண்ணிக்கைக்கு ஒரு ஆள்

இல்லீங்க, பரவாயில்லை, பையை மேல வைக்க வேண்டாம். மடியிலயே இருக்கட்டும். உள்ள தாம்பாளத் தட்டு இருக்குது. தேங்காய், பழம், வெத்தலை பாக்கு, அப்பறம் உப்பும் சக்கரையும் தனித்தனியாக் கட்டி வெச்சிருக்கறேன். மேல வெச்சா சாஞ்சுக்கும். சாஞ்சா உப்பும் சக்கரையும் கலந்துரும். நல்ல காரியத்துக்குப் போறப்ப அப்படி ஆகக் கூடாதுங்க.

சென்னைக்குத்தானுங்க. நீங்களும் சென்னைதானா? நல்லதாப் போச்சு. உங்க மூஞ்சியைப் பார்த்ததும் நினைச்சேன், பேச்சுக்கு ஆள் கிடைச்சாச்சுன்னு. ஈரோட்டுல ஏறினதுல இருந்து சன்னலோரத்துப் பையன் காதுல எதையோ சொருகிட்டு உக்காந்திருக்கறான்.

நமக்கு கோபிச்செட்டிபாளையம் பக்கமுங்க. பேரு நல்லசிவம். கல்யாண மண்டபத்துல மேனேஜர். யாரு முன்னால நிக்கணும், யாரு பின்னால நிக்கணும், எந்தச் சீரு முதல்ல வரணும், எல்லாம் நம்ம வாயிலதான். ஒரு தடவை மாப்பிள்ளையோட சித்தப்பனே முறை தப்பி முதல் பந்தியில உக்காந்துட்டாரு. எந்திரிக்க வெச்சுட்டேன். இலையில பாதி வடை கிடந்துச்சு, அதைப் பத்திக் கவலைப்படலை. வரிசை தப்பினா எல்லாம் தப்பு. அந்த மாதிரி ஆளுங்க நான்.

உங்களுக்கு ஒரே பொண்ணுங்களா? படிக்குதா? படிக்கட்டும், படிக்கட்டும். கல்யாணப் பத்திரிகையில பேருக்குப் பக்கத்துல பட்டத்தைப் போட்டா நல்லா இருக்கும். பொண்ணு பேருக்குப் பக்கத்துல ஒண்ணுமில்லீன்னா பத்திரிகையே மொட்டையாத் தெரியுது இப்பெல்லாம்.

நமக்கு ரெண்டு. ரெட்டைப் பிள்ளைங்க. முதல்ல வந்தவன் மௌலி. பின்னாலயே தாரிணி. பின்னாலன்னா, நர்ஸம்மா அவனைத் துடைச்சு என் கையில குடுக்கறதுக்குள்ள அவளும் வந்துட்டா. ஆனாலும் முதல்னா முதல்தானுங்களே.

நான் ரெண்டு பேருக்கும் வித்தியாசமே காட்டலீங்க. ஒரே பள்ளிக்கூடம், ஒரே காலேஜ், ஒரே கம்ப்யூட்டர் பாடம். ஒரே பஸ்சுல போயிட்டு ஒரே பஸ்சுல வந்தாங்க. கடைசியில பாப்பா எல்லாத்தையும் பாஸ் பண்ணி மெடல் வாங்கிட்டா. பையனுக்கு மூணு பேப்பர் நின்னுபோச்சு. அவன் ஆழமாப் படிக்கறவனுங்க, அவசரப்பட்டு பாஸ் பண்ற ரகம் இல்லை. அப்பறம் ஒரு வழியா அதையும் முடிச்சுட்டான்.

படிப்பு முடிஞ்சுது, ரெண்டும் வீட்டோட இருந்துச்சு. மேல ரூம்ல ஏசி போட்டு, புதுசாக் கம்ப்யூட்டர் வாங்கி வெச்சு, டேய் மௌலி, உக்காந்து நிம்மதியா வேலை தேடுடான்னேன். வேலை தேடறது சாதாரணம் இல்லீங்க. பையன் மத்தியானம் சாப்பிட்டா அப்படியே களைச்சுப் போய்த் தூங்கிருவான். அப்ப பாப்பாவை மேல அனுப்புவேன். அண்ணனுக்கு வர்ற மெயிலுக்கெல்லாம் நீ பதில் போடு அம்மிணி, அவனுக்கு இங்கிலீஷ்ல எழுதினாக் கோவம் வருதுன்னு சொல்லுவேன். அவளுக்கும் பொழுது போகோணுமில்லீங்களா? காலையில அம்மா கூடச் சமையல், மத்தியானம் மெயில்.

ஸ்டுடியோவுக்கும் ரெண்டு பேரையும் ஒண்ணாத்தான் கூட்டிட்டுப் போனேன். பையனுக்குக் கோட்டுப் போட்டு ஒரு படம், வேலைக்கு அனுப்ப. பாப்பாவுக்குப் பட்டுச்சீலையில ஒரு படம், தரகருக்கு அனுப்ப. அந்த ஆனி மாசம் பூரா ஊருல ரெண்டே கேள்விதான். அவனைப் பார்த்தா, "தம்பி, இன்னும் கிடைக்கலையா?" அவளைப் பார்த்தா, "பாப்பாவுக்கு இன்னும் அமையலையா?" ரெண்டு பேருக்கும் சமமாத்தான் கேட்டாங்க. அதுல குறையே சொல்ல முடியாது.

இப்படி இருக்கறப்பத்தான் ஒரு நாள் பாப்பாவைப் பொண்ணு பார்க்க வந்தாங்க. சொன்ன நேரத்துக்கு முன்னாலயே வந்து இறங்கிட்டாங்க. கேசரி இன்னும் அடுப்புல கிடக்குது, பொண்ணைக் காணோம். மேல ரூம்ல இருந்து இங்கிலீஷ் சத்தம் மட்டும் கேக்குது. பட்டுச்சீலை கட்டி, தலை நிறையப் பூ வெச்சுட்டு, கம்ப்யூட்டர் முன்னால உக்காந்து யாரோ அஞ்சாறு பேருகிட்டப் பேசிட்டு இருக்கறா. பையன் அங்கயே போர்வைக்குள்ள தூங்கறான். மாப்பிள்ளையோட அப்பா, "என்னங்க சத்தம்?"னு கேட்டாரு. "அண்ணனுக்கு வேலை விசயமாப் பேசிட்டு இருக்கறாளுங்க, ரொம்பப் பாசம்"னு சமாளிச்சுட்டேன். அவங்க ஜாதகம் பொருந்தலைன்னு போயிட்டாங்க. ஆனா அந்த அஞ்சாறு பேரு இருந்தாங்க பாருங்க, அவங்களுக்குப் புடிச்சுப் போச்சு. சென்னையில கம்பெனி. பாப்பாவுக்கு வேலை.

டீ சாப்பிடறீங்களா? சேலம் டீ நல்லா இருக்காதுங்க. சரி, விடுங்க.

எனக்குத் தூக்கம் போச்சுங்க. நீங்களே ரோசனை பண்ணுங்க. மூத்தவன் வீட்டுல இருக்கறான், சின்னவளுக்கு வேலை முந்திட்டு வந்தா ஊரு என்ன பேசும்? மண்டபத்துல பார்த்திருக்கறேன். அக்காக்காரி சும்மா இருக்கறப்ப தங்கச்சிக்குத் தாலி ஏறினா, பந்தியில ஒருத்தரும் சாப்பாட்டைப் பத்திப் பேச மாட்டாங்க. பாப்பாவைக் கூப்பிட்டு நயமாத்தான் சொன்னேன். "அம்மிணி, உங்க அண்ணனுக்கு முதல்ல அமையட்டும். அப்பறம் உனக்குப் பார்க்கலாம்."

அவ கேக்கறா, "ஏனுங்கப்பா, எனக்கு மாப்பிள்ளை தேடறப்ப அண்ணன் இருக்கறான்னு நீங்க சொல்லலையே?"

"அது கல்யாணம். கல்யாணத்துல பொண்ணு முதல்ல. இது வேலை. வேலையில பையன் முதல்ல. இது கூடவா தெரியாது? காலேஜ்ல என்னத்தைச் சொல்லிக் குடுத்தாங்க?"

"ஒண்ணாந்தேதி போய்ச் சேரலைன்னா வேற ஆளுக்குக் குடுத்துருவாங்கப்பா."

"வேற ஆளுக்கு எதுக்கு? உங்க அண்ணன் இருக்கறானே?"

அவ அப்படியே சமையக்கட்டுக்குப் போயிட்டா. போய் கிரைண்டர்கிட்ட நின்னுட்டா. நிறுத்தவே இல்லை. மாவு கூழாப் போயிருச்சு. அடுத்த நாள் தோசை நல்லாவே வரலை.

ஆனா என் வாயில இருந்து வந்த வார்த்தை எனக்கே புடிச்சுப் போச்சுங்க. உங்க அண்ணன் இருக்கறானே. ஒரே வீடு, ஒரே காலேஜ், ஒரே பாடம், ஒரே இனிஷியல். கம்பெனிக்காரங்களுக்கு விசயம் தெரியாமக் கேட்டிருப்பாங்க. நேர்ல போய் முறையாச் சொன்னாப் புரிஞ்சுக்க மாட்டாங்களா? பெரியவங்களாப் பார்த்துப் பேசினா எத்தனையோ கல்யாணத்தையே மாத்தி முடிச்சிருக்கறோம்.

அதனால தட்டை எடுத்தேன். ஆமாங்க, இதே தட்டுதான். எங்க பக்கம் ஒரு வழக்கம் இருக்குதுங்க. ரெண்டு வீட்டுக்காரங்களும் பேசி முடிச்சா உப்பும் சக்கரையும் மாத்திக்குவாங்க. மாத்தியாச்சுன்னா முடிஞ்சுது. அதுக்கப்பறம் ஒருத்தரும் பேச்சு மாறக் கூடாது. அதையும் கட்டி எடுத்துக்கிட்டேன். நான், பையன், எங்க வீட்டுக்காரி வளர்மதி. தட்டு எடுக்கறதுக்கு சுமங்கலி வேணுமில்லீங்களா? கிளம்பற நேரத்துல எண்ணிப் பார்த்தா மூணு பேரு. நல்ல காரியத்துக்கு மூணு பேராப் போவாங்களா? அதனால பாப்பாவையும் வரச் சொன்னேன். எண்ணிக்கைக்கு.

பெரிய கண்ணாடிக் கட்டடமுங்க. வாசல்ல செக்யூரிட்டி தேங்காயை மெசினுக்குள்ள விட்டுப் படம் புடிச்சுப் பார்த்தான். "இது எதுக்கு சார்?"ங்கறான். "உடைக்க மாட்டோம், மடியிலதான் வெச்சிருப்போம்"னு சொல்லி உள்ள போனோம். ஷெரின்னு ஒரு மேடம், அவங்கதான் ஆள் எடுக்கறவங்க, ரொம்ப மரியாதையானவங்க. தட்டைப் பார்த்ததும் எந்திரிச்சு நின்னுட்டாங்க.

"வாழ்த்துகள் தாரிணி. சொல்லவே இல்லையே? கல்யாணம் எப்போ? தேவைன்னா சேர்ற தேதியைக் கொஞ்சம் தள்ளி வெச்சுக்கலாம்."

"கல்யாணம் இல்லீங்க மேடம்"னு நான் ஆரம்பிச்சேன். எல்லாத்தையும் கோர்வையாச் சொன்னேன். மூத்தவன் இருக்கறப்ப சின்னவளைக் கேட்டிருக்கீங்க, தப்பு உங்க பேருல இல்லை, ஆளைப் பார்க்காம முடிவு பண்ணிட்டீங்க, இதோ பாருங்க, பையன் லட்சணமா இருக்கறான், கெட்ட பழக்கம் எதுவும் இல்லை. அவனையே வெச்சுக்குங்க. சம்பளம் நீங்க பாப்பாவுக்குச் சொன்னதே போதும், கூட எதுவும் கேக்க மாட்டோம். அந்தம்மா என்னைப் பார்த்தாங்க. அப்பறம் பாப்பாவைப் பார்த்தாங்க. பாப்பா தரையைப் பார்த்துட்டு இருந்தா.

"சரி சார். வந்துட்டீங்க. மௌலிகிட்டயும் பேசிப் பார்க்கறேன். மௌலி, உங்களைப் பத்திச் சொல்லுங்க."

ரொம்ப லேசான கேள்விதானுங்களே? பையன் திரும்பி அவங்கம்மாவைப் பார்த்தான்.

அது அவன் பழக்கமுங்க. சின்ன வயசுல இருந்தே யாரு என்ன கேட்டாலும் அம்மாவைத்தான் பார்ப்பான். வளர்மதியும் பழக்கதோசத்துல சொல்ல ஆரம்பிச்சுட்டா. "அவனுக்குப் புளி சேராதுங்க. காலையில ரெண்டு வாட்டி எழுப்போணும். கோவம் வந்தாச் சாப்பிட மாட்டான், ஆனா மனசுல ஒண்ணும் வெச்சுக்க மாட்டான்." மேடம் சிரிக்காமக் கேட்டாங்க, "வேற என்ன நல்லா வரும் அவருக்கு?" வளர்மதி சொல்றா, "சாம்பார் நல்லா வெப்பானுங்க. எங்களுக்கெல்லாம் முடியாதப்ப அவன்தான் வெப்பான்." எனக்கே அது அன்னைக்குத்தான் தெரியும். மானம் போச்சுன்னு நான் செருமிட்டு உக்காந்திருக்கறேன், பையன் மட்டும் மூஞ்சி மலர்ந்து போய் உக்காந்திருக்கறான்.

அப்பத்தானுங்க அந்த மேடம் சம்பந்தமே இல்லாம ஒரு கேள்வி கேட்டாங்க. "அம்மா, நீங்க என்ன படிச்சிருக்கீங்க?"

அவ வாயைத் திறக்கறதுக்குள்ள நான் முந்திட்டேன். "ப்ளஸ் டூங்க மேடம்."

வளர்மதி மெதுவாச் சொல்றா, "எம்.எஸ்ஸி. கணக்குங்க. பி.எட்."

ஆமாங்க. அப்பறம் எனக்கும் நினைப்பு வந்துச்சு. எங்க பத்திரிகையில பேருக்குப் பக்கத்துல நான்தான் போடச் சொன்னேன். நல்லா நிறைவா இருந்துச்சு.

"வேலைக்குப் போகலையாம்மா?"

"பள்ளிக்கூடத்துல கிடைச்சுதுங்க. சேரச் சொன்ன நாளும் முகூர்த்த நாளும் ஒண்ணாப் போயிருச்சு."

மேடம் பேனாவை மூடிக் கீழ வெச்சுட்டாங்க. நான்தான் சொன்னேன், "நல்ல முகூர்த்தமுங்க மேடம் அது. வைகாசி வளர்பிறை. அந்த மாதிரி ஒண்ணு அதுக்கப்பறம் எங்க மண்டபத்துலயே அமையலை."

அப்பறம் காப்பி வந்துச்சுங்க. எல்லாருக்கும் சக்கரை தனியாச் சின்னச் சின்னக் காகிதப் பொட்டலத்துல. கூடவே ஒரு தட்டுல உப்பு பிஸ்கட். மேடம் அவங்க கையாலயே எங்களுக்கு எடுத்துக் குடுத்தாங்க. நான் நம்ம தட்டை நகர்த்தினேன். அவங்க வேண்டாங்காம வாங்கிட்டாங்க. உள்ள ஒரு பையனைக் கூப்பிட்டு, எல்லாத்தையும் எடுத்துப் பத்திரமா வைப்பான்னுட்டு, காலித் தட்டை எங்ககிட்டயே திருப்பிக் குடுத்தாங்க. எனக்கு உடம்பெல்லாம் சிலிர்த்துப் போச்சுங்க. அவங்க உப்பும் சக்கரையும் நம்ம கையில, நம்ம உப்பும் சக்கரையும் அவங்க கையில. நான் வாய் திறந்து கேக்கக்கூட இல்லை. முறை தெரிஞ்ச குடும்பத்துப் பொண்ணுங்க அது. எந்திரிக்கறப்ப பாப்பாவைப் பார்த்து, "ஒண்ணாந்தேதி பார்க்கலாம்"னு சொன்னாங்க. பையன் கூச்சப்படுவான்னு பாப்பாகிட்டச் சொல்றாங்கன்னு நான் எடுத்துக்கிட்டேன்.

லிஃப்டுல இறங்கறப்ப பாப்பா அவங்கம்மா கையைப் புடிச்சுட்டே நின்னா. பயந்திருப்பா போல, வேகமா இறங்குது அந்த லிஃப்டு.

ஊருக்கு வந்ததும் மண்டபத்து வாசல்ல ஃப்ளெக்ஸ் வெச்சேன். கோட்டுப் போட்ட அந்தப் படத்தைப் பெருசாப் போட்டு, "சென்னை மாநகரில் பணியேற்கும் எங்கள் மௌலீஸ்வரன்"னு. கல்யாணத்துக்கு வந்தவங்க எல்லாம் மாப்பிள்ளை படம்னு நினைச்சு அதுகிட்ட நின்னு போட்டோ எடுத்துக்கிட்டாங்க.

ஒண்ணாந்தேதிக்கு முந்தின நாள் வளர்மதி சொன்னா, "நான் கூடப் போய் வீடு பார்த்து, ஒரு வாரம் இருந்து குடி வெச்சுக் குடுத்துட்டு வந்தர்றேன். தாரிணியும் வரட்டும், துணைக்கு." எனக்கும் சரின்னுதான் பட்டுச்சு. பையனுக்கு ஆரத்தி எடுத்து, தேங்காய் சுத்தி உடைச்சு, மூணு பேரையும் ரயில் ஏத்தி விட்டேன். மூணு பேரா அனுப்பினது தப்புங்க. அதுதான் எங்கயோ வேலையைக் காட்டிருச்சு.

காலையில பையன் போன் பண்றான். "அப்பா, வாசல்ல நிக்கறேன். உள்ள போற கார்டுல தாரிணி மூஞ்சி இருக்குது."

"ரெண்டு பேருக்கும் ஒரே மூஞ்சிதானேடா, உள்ள போடா"ன்னேன்.

"அவ அப்பவே உள்ள போயிட்டாப்பா"ங்கறான். சொல்றவன் குரல்ல வருத்தமே இல்லீங்க. பெரிய பாரத்தை இறக்கி வெச்ச மாதிரி பேசறான்.

மேடத்துக்குப் போன் போட்டேன். "உப்புச்சக்கரை மாத்தின பின்னால பேச்சு மாறலாமுங்களா?"ன்னேன். "எந்தச் சக்கரை சார்?"னு கேக்கறாங்க. அத்தனை பேரு பார்க்க வாங்கின சக்கரை. என்ன சொல்றதுங்க அதுக்கு மேல?

அது ஆவணியில. ஒரு வாரம்னு சொல்லிட்டுப் போன வளர்மதி புரட்டாசிக்கும் வரலை, தீபாவளிக்கும் வரலை. கேட்டா, அந்த வீட்டுக்குப் பக்கத்துல ஒரு பள்ளிக்கூடமாம், கணக்கு டீச்சர் பிரசவத்துக்குப் போயிட்டாங்களாம், இவளைக் கூப்பிட்டாங்களாம். இத்தனை வருசம் கழிச்சு அவளுக்குக் கணக்கு எப்படி நினைப்பு இருக்கும்னு கேட்டேன். "உங்க மண்டபத்துக் கணக்கை யாரு போட்டுக் குடுத்ததுன்னு நினைச்சீங்க?"ன்னா. அதுவும் சரிதான். பையன் அங்க வீட்டைப் பார்த்துக்கறான். சாமான் வாங்கறது, சமையல், துணி, கேஸ், எல்லாம் அவன் பொறுப்பு. மேனேஜர்னு வெச்சுக்குங்களேன், அப்பனை மாதிரியே. ஃப்ளெக்ஸை இன்னும் நான் கழட்டலை. சென்னையில பணின்னுதானே போட்டிருக்குது, பொய் ஒண்ணுமில்லையே?

எனக்கு எதுக்குங்க, நீங்க சாப்பிடுங்க. சரி, ஒரு வாய். எலுமிச்சஞ்சாதம் நல்லா இருக்குதே, வீட்டுல குடுத்து விட்டாங்களா? நீங்களே கிளறினதா? ஏன், வீட்டுல உடம்புக்கு முடியலைங்களா? ஓ, வேலைக்குப் போறாங்களா. அப்படியா.

முகூர்த்தம் இருந்த வரைக்கும் எனக்கு ஒண்ணும் தெரியலீங்க. மூணு வேளையும் மண்டபத்துச் சாப்பாடு. மார்கழி வந்துச்சு பாருங்க, மண்டபத்தைப் பூட்டியாச்சு. வீட்டுக்கு வந்து அடுப்பைப் பத்த வெக்கறேன், உப்பு எந்த டப்பாவுல இருக்குதுன்னு தெரியலை. போன் போட்டுக் கேட்டா அவ கிளாஸ்ல இருக்கறா. பையனைக் கேட்டாக் கடகடன்னு சொல்றான், மேல் தட்டுல மூணாவதுன்னு. என் வீட்டு உப்பு எங்க இருக்குதுன்னு சென்னையில இருந்து சொல்றான். ராத்திரி அந்தப் பெரிய வீட்டுல தனியாப் படுத்துக்கறது எனக்குப் புடிக்கலீங்க. அழுகையா வருது. இதை யாருகிட்டயும் சொன்னதில்லை.

அதான், தை பொறந்ததும் முதல் நல்ல நாளாப் பார்த்துத் தட்டை எடுத்துட்டேன். வளர்மதியைக் கேக்கத்தானுங்க போறேன். பொண்டாட்டியைத் தட்டு வெச்சுக் கேக்கறதான்னு பார்க்காதீங்க. முறையாக் கேட்டா மறுக்க மாட்டாங்கன்னு ஒரு நம்பிக்கைதான். அவகிட்டயும் போன்ல சொல்லிட்டேன். அவ என்ன சொன்னா தெரியுங்களா? "என்னைக் கூட்டிட்டுப் போறதுக்குன்னா வராதீங்க. இங்க எங்க கூட இருக்கறதுக்குன்னா வாங்க. ஆனா மூணு பேரும் வேலை செய்யற வீடு இது, உங்களால என்ன ஆகும்னு கேப்போம். உக்கார வெச்சுத்தான் கேப்போம். உங்களைப் பத்திச் சொல்லுங்கன்னு."

சிரிக்காதீங்க. பாப்பா பக்கத்துல இருந்து, "புடிச்சிருந்தா ஒண்ணாந்தேதி பார்க்கலாம்"னு சொல்றது போன்லயே கேக்குது.

அரக்கோணம் தாண்டிருச்சா? வழியெல்லாம் மனசுக்குள்ள சொல்லிச் சொல்லிப் பார்த்துட்டேன். பேரு நல்லசிவம், மண்டபத்துல மேனேஜர். அதுக்கு மேல ஒண்ணும் வர மாட்டேங்குது. யாராச்சும் என்னைப் பத்தி இந்த மாதிரி கேட்டா நான் எப்பவுமே பக்கத்துல வளர்மதியைப் பார்ப்பேன், அவ எடுத்துக் குடுப்பா. இப்ப அவதான் எதிர்ல உக்காந்து கேக்கப் போறா. நான் யாரைத் திரும்பிப் பார்க்கறது, சொல்லுங்க?

உங்களுக்கு இன்னைக்கு அவசர வேலை ஒண்ணுமில்லீன்னா கொஞ்சம் கூட வர்றீங்களா? வீடு ஸ்டேசனுக்குப் பக்கந்தானாம். நீங்க ஒண்ணும் பேச வேண்டாம். தட்டு எடுத்துட்டு ஒத்தை ஆளாப் போகக் கூடாது. சும்மா, எண்ணிக்கைக்கு.